ராமாயி தோட்டத்துக்கு நாங்கள் ஊற்றிய மழை

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். கம்ப்யூட்டரில் மழை செய்கிற பெண். ஏதோ ஒரு படத்தில் காபித் தோட்டத்தில் மழை பெய்ய வேண்டுமாம், அதைத் தட்டித் தட்டி உருவாக்கிக்கொண்டிருக்கிறாளாம். என் நம்பரை சினிமா யூனியனில் யாரோ கொடுத்திருக்கிறார்கள். "அங்கிள், காபி இலையில மழைத் துளி விழுந்தா நிக்குமா, தெறிக்குமா, வழுக்கிட்டு ஓடுமா?" என்று கேட்டாள்.

நான் ஏற்காட்டில் என் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டிருந்தேன். எதிரிலேயே ரெண்டு காபிச் செடி இருந்தது. குழாயைத் திறந்து, ஒரு கை தண்ணீரை மேலே விசிறி அடித்துப் பார்த்துவிட்டு, இலையின் ஓரம் நெளிநெளியாக இருப்பதால் தண்ணீர் நடுவில் நிற்காமல் நுனிக்கு ஓடிச் சொட்டும் என்று சொன்னேன். அவள் நன்றி சொன்னாள். பிறகு, இதையெல்லாம் எழுதி வைக்கக் கூடாதா அங்கிள் என்றாள். கேட்டவள் சும்மா மரியாதைக்குத்தான் கேட்டிருப்பாள். நான் வேலையில்லாத ஆள், பிடித்துக்கொண்டுவிட்டேன்.

என் தொழில் மழை. சினிமாவில் மழை பெய்ததென்றால், பெரும்பாலும் அது எங்களைப் போன்றவர்கள் ஊற்றியது. டாங்கர் லாரி, மோட்டார், குழாய், அதன் தலையில் பூவாளி மாதிரி சல்லடை. கிரேன் கிடைத்தால் கிரேன், இல்லாவிட்டால் மூங்கில் சாரம், அதுவும் இல்லாவிட்டால் மரத்தின் மேல் ஆள். இப்போது கம்ப்யூட்டர் வந்து தொழிலைக் கெடுத்துவிட்டது என்று என் கூட்டாளிகள் சிலர் புலம்புகிறார்கள். நான் புலம்ப மாட்டேன். முப்பது வருஷம் நனைந்த துணியோடு நின்று, கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண் வாங்கியவன் நான். நனையாமல் மழை செய்ய ஒரு வழி இருந்தால் அந்தப் பெண் மகராசியாகச் செய்யட்டும்.

எங்கள் அப்பா சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வந்து ஏரிப் பக்கம் பெட்டிக்கடை வைத்திருந்தவர். படிப்பு ஏறாத நான், ஷூட்டிங்குக்கு வந்த ஒரு யூனிட் லாரியில் ஏறி சென்னைக்குப் போய்விட்டேன். குழாய் தூக்கினேன், மோட்டார் போட்டேன், அடி வாங்கினேன், கற்றுக்கொண்டேன். அந்தக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது எங்கள் மழைக் குழுவின் தலைவர் வேலாயுதம் மாஸ்டரைப் பற்றித்தான்.

மாஸ்டர் ஒல்லியான மனிதர். சத்தம் போட்டுப் பேச மாட்டார். மோட்டார் சத்தத்தில் அவர் பேசுவது கேட்காமல், அவர் உதட்டைப் பார்த்தே வேலை செய்யப் பழகிவிட்டோம். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த ஷாட்டாக இருந்தாலும் முதல் மழை அவர் தலையில்தான் விழ வேண்டும். நடிகர் நிற்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் குறி போட்டிருப்பார்கள். மாஸ்டர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் அந்தக் குறியில் நிற்பார். மேலே பார்த்துக் கையை அசைப்பார். நாங்கள் திறப்போம். தலையோடு கால் நனைந்து, கண்ணைத் திறந்துகொண்டே நின்று பார்த்துவிட்டு வந்து, தண்ணீர் சில்லென்றிருக்கிறதா, துளி முகத்தில் குத்துகிறதா, மண் வழுக்குகிறதா என்று டைரக்டருக்குச் சொல்வார். பிறகுதான் நடிகர்.

ஒருமுறை ஒரு குழந்தை நனைய வேண்டிய காட்சி. மாஸ்டர் நனைந்து பார்த்துவிட்டு, இது குழந்தைக்கு ஆகாது என்று சொல்லி, கல்யாணச் சமையல்காரரிடம் அண்டா வாங்கி வெந்நீர் போடச் சொன்னார். அரைநாள் போய்விட்டது. புரொடக்‌ஷன் மேனேஜர் குதித்தார். மாஸ்டர், உங்க பேரனா இருந்தா என்ன செய்வீங்க என்று மட்டும் கேட்டுவிட்டு, அண்டாவில் விரலை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று எங்களைத்தான் எல்லாரும் ஏய்ப்பார்கள். அவரை மட்டும் யாரும் ஏய்த்து நான் பார்த்ததில்லை.

இனி ஏற்காட்டு மலையில் இருக்கும் மாரமங்கலத்தில் நடந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அது ஒரு அறிவியல் படம். நடக்கப்போகும் பேரழிவுகளை முன்கூட்டியே பார்க்கிற ஒரு பெண்ணைப் பற்றிய கதை. ஒரு விஞ்ஞானி அவள் தலையில் ஒரு கருவியை மாட்டிவிடுகிறார். அதை மாட்டினால் வருங்காலம் தெரியும். பாலம் உடைவதைப் பார்க்கிறாள், அணை உடைவதைப் பார்க்கிறாள், சொல்கிறாள், ஒருத்தரும் கேட்பதில்லை. கடைசியில் ஒரு மலையே சரிகிறது. எங்களுக்கு அந்தக் கருவிதான் தலைவலி. பிரஷர் குக்கர் மூடியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். உள்ளே பேட்டரி, சிவப்பு லைட். மழையில் நனைந்தால் லைட் அணைந்துவிடும். உலகத்தின் அழிவையெல்லாம் பார்க்கிற கருவிக்குக் கொஞ்சம் தண்ணீர் தாங்கவில்லையே என்று யூனிட்டில் எல்லாருக்கும் சிரிப்பு. டைரக்டருக்கு மட்டும் சிரிப்பு வராது. சின்ன வயசு, முதல் படம், எடுத்துக்கொண்ட வேலையை உயிராக நினைக்கிறவர்.

மாரமங்கலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரமாக ஒரு வீடு, அதை ஒட்டிச் சரிவில் ஒரு காபித் தோட்டம். தோட்டம் என்றால் எஸ்டேட் இல்லை, சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே ஒரு குடும்பம் பிழைக்கிற அளவுக்குச் செடிகள். கதாநாயகி மலைச்சரிவை முதலில் பார்க்கும் இடம் அதுதான் என்று டைரக்டர் முடிவு செய்தார். வீடும் தோட்டமும் ராமாயி என்ற அம்மாவுடையது. வீட்டுக்காரர் இறந்துவிட்டார். ஒரே மகள் சேலத்தில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பு முழுக்க அந்தக் காபியை நம்பித்தான்.

மாசி முடிகிற நேரம். மலையெல்லாம் காய்ந்து கிடந்தது. ஊர்த் தொட்டியில் கை வைக்கக் கூடாது என்று மாஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டரைப் பார்த்துப் பேசி, அங்கிருந்த குட்டையிலிருந்து தண்ணீர் எடுத்தோம். சினிமா மழையில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. மழை நடிகர் தலைக்கு மேல் மட்டும்தான் பெய்யும். அவருக்குப் பின்னால் கேமராவில் தெரிகிற மரம், செடி, சுவர் எல்லாவற்றையும் நாங்கள் முன்பே ஹோஸ் பிடித்து நனைத்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் மழையும் பின்னால் வெயிலுமாக நரிக்குக் கல்யாணம் என்று தியேட்டரில் சிரிப்பார்கள். ஆகவே கேமராவுக்குத் தெரிகிற பாதித் தோட்டத்தை நன்றாக நனைத்தோம். மீதிப் பாதி கேமராவுக்குத் தெரியாது, அதனால் விட்டுவிட்டோம்.

ராமாயி வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஷாட் முடிந்ததும் நேரே எங்களிடம் வந்தார். செடியை நனைத்ததற்குச் சண்டை போடப் போகிறார் என்று நான் தயாராக நின்றேன். ஏற்காட்டில் வளர்ந்தும் எனக்குக் காபி என்றால் டபராவில் வருவதுதான் தெரியும்.

"ஏனுங்க, பாதியில உட்டுட்டுப் போறீங்களே," என்றார். "தண்ணி பத்துலீன்னா மொட்டு செவந்து கருகிப் போயிருங்க. நனைக்கறதுன்னா வேரு வரைக்கும் முழுசா நனைச்சுட்டுப் போங்க."

எனக்குப் புரியவில்லை. மாஸ்டருக்கும் புரியவில்லை. ஆனால் மாஸ்டர் கேட்டுத் தெரிந்துகொள்வதை அவமானமாக நினைக்கிற ஆள் இல்லை. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு, சொல்லுங்கம்மா என்றார். ராமாயி ஒரு கிளையை வளைத்துக் காட்டினார். கணுவுக்குக் கணு அரிசி மாதிரி மொட்டுகள், தூங்கிக்கொண்டிருந்தன. இவை ஒரு நல்ல மழைக்காகக் காத்திருக்கும். மழை பெய்து ஒரு வாரம் பத்து நாளில் பூக்கும். பூத்த நாளும் அடுத்த ஒன்றிரண்டு நாளும் மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, பட்டால் பூவின் மாவு, அதாவது மகரந்தம், கரைந்துவிடும், காய் பிடிக்காது. அப்புறம் மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழை வேண்டும், இல்லாவிட்டால் பிடித்த பிஞ்சும் நிற்காது. நாங்கள் சினிமாவுக்கு என்று ஊற்றியதை அந்தச் செடிகள் நிஜ மழை என்று நம்பிவிட்டன.

மாஸ்டர் எழுந்து செருப்பைக் கழற்றினார். அன்றைக்குப் பேக்கப் ஆன பிறகு, பொழுது சாய்கிறவரை, தோட்டம் முழுவதையும் நனைத்தோம். ராமாயி மண்ணைக் கையால் தோண்டித் தோண்டிப் பார்த்து, இங்கே போதும், அங்கே இன்னும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் எத்தனையோ டைரக்டர்களுக்கு மழை ஊற்றியிருக்கிறேன். என்ன வேண்டும் என்று அவ்வளவு தெளிவாகச் சொன்ன டைரக்டர் யாருமில்லை.

யூனிட் மஞ்சக்குட்டைப் பக்கம் போய் வேறு காட்சிகளை எடுத்துவிட்டு மறுபடி மாரமங்கலம் வந்தது. கதாநாயகிக்கு இன்னும் ஒரே நாள்தான் கால்ஷீட். அன்றைக்கு அந்தத் தோட்டத்து நடுவில் அவள் கொட்டுகிற மழையில் நின்று, மலை சரிவதைப் பார்த்து அலற வேண்டும். படத்திலேயே பெரிய காட்சி. நாங்கள் விடிந்ததும் டாங்கரோடு போனோம். வளைவு திரும்பும்போதே வாசனை வந்துவிட்டது, மல்லிகைக்கும் எலுமிச்சைப் பூவுக்கும் நடுவில் ஒரு வாசனை.

சுற்றியிருந்த மலையெல்லாம் காய்ந்த பச்சையில் கிடக்க, ராமாயி தோட்டம் மட்டும் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. வேறெங்கும் பூ இல்லாததால் அந்த வட்டாரத்துத் தேனீ முழுக்க அங்கேதான். அதுவரை நாங்கள் ஊற்றிய எந்த மழையிலும் ஒரு புல் முளைத்தது கிடையாது. பேக்கப் சொன்னதும் எல்லாம் காய்ந்துவிடும். இது பூத்திருந்தது.

ராமாயி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கும்பிடவில்லை, கெஞ்சவில்லை. டாங்கரைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். "பூத்துருச்சுங்க," என்றார்.

மாஸ்டர் டைரக்டரிடம் போய், சார், இன்னைக்கு இங்கே மழை வராது என்றார். மோட்டார் ரிப்பேரா என்று டைரக்டர் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மாஸ்டர் பொய் சொல்லவில்லை. மோட்டார் நன்றாக இருக்கிறது, பூவில் தண்ணீர் பட்டால் இந்த அம்மாவின் ஒரு வருஷம் போய்விடும், அதனால் ஊற்ற முடியாது என்றார். டைரக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. கால்ஷீட் போனால் யார் பதில் சொல்வது, நீங்களா என்று கேட்டார். புரொடக்‌ஷன் மேனேஜர் ஓடிவந்து, வேறு ஆளை வைத்து மோட்டாரைப் போடுவேன் என்றார். சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் மாஸ்டரின் உதட்டைப் பார்த்தேன், அது அசையவில்லை. ஆகவே நானும் அசையவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் அப்படிச் சும்மா நின்றதும் ஒன்று.

அப்போது மாஸ்டர் டைரக்டரிடம் சொன்னார், எப்போதும்போல மெதுவாக. "சார், உங்க கதையில அந்தப் பொண்ணு முன்னாடியே சொல்லுது. யாரும் கேக்கல, மலை சரியுது. இங்கேயும் ஒரு அம்மா பத்து நாள் முன்னாடியே சொல்லிட்டாங்க. நாமளாவது கேட்டுக்கலாம்."

டைரக்டர் போய் டாங்கரின் படியில் உட்கார்ந்துகொண்டார். யூனிட் முழுக்க நின்றது. டீ வந்து ஆறிப்போனது. பிறகு எழுந்து வந்து, கோபமில்லாமல், ஒரு மாணவன் கேட்கிற மாதிரி கேட்டார், மழை இல்லாமல் அவள் அழிவை எப்படிப் பார்ப்பாள் என்று.

"அழிவுக்கு முந்தின நாள் மலை எப்படி இருக்கும் சார்?" என்றார் மாஸ்டர். "இப்படித்தான் இருக்கும்."

அன்றைக்குக் கதாநாயகியை அந்த வெள்ளைப் பூக்களுக்கு நடுவில் நிறுத்தினார்கள். மழை இல்லை, அலறல் இல்லை. தேனீக்கள் இரைகின்றன, வெயில் அடிக்கிறது, அவள் அந்தக் குக்கர் மூடியைத் தலையில் மாட்டிக்கொண்டு அத்தனை அழகையும் பார்க்கிறாள், பார்க்கப் பார்க்கக் கண் நிறைகிறது. அவ்வளவுதான் காட்சி. ஷாட் ஓகே ஆனதும் டைரக்டர் வந்து மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். கோபித்துக்கொண்டாரே என்று அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்டுக்கொண்டாரே, அது பெரிது. படம் வந்தபோது பலபேர் பாராட்டியது அந்தக் காட்சியைத்தான். கொட்டுகிற மழையைப் பிறகு ஸ்டுடியோவில் செட் போட்டு, வேறு ஒரு பெண்ணை முதுகு காட்டி நிற்க வைத்து எடுத்தார்கள். அதற்கு எங்களைக் கூப்பிடவில்லை. அந்த மேனேஜர் அதன் பிறகு எங்களை எந்தப் படத்துக்குமே கூப்பிடவில்லை. மாஸ்டர் அதைப் பற்றிப் பேசியதே கிடையாது.

கிளம்பும்போது மாஸ்டர் ராமாயியிடம், அடுத்த மழை நேரத்துக்கு வராவிட்டால் நாங்கள் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். சினிமாக்காரன் பேச்சு, தண்ணீரில் எழுதியது என்றுதான் அந்த அம்மா நினைத்திருப்பார். வானம் திறக்கவே இல்லை. மூன்றாவது வாரம் எனக்கு அவரிடமிருந்து போன் வந்தது. வாருங்கள் என்று கேட்கவில்லை. சாப்பிட்டாச்சா, மாஸ்டர் சௌக்கியமா என்று கேட்டார். கடைசியில், "இன்னும் மழை இல்லீங்கண்ணா," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மாஸ்டரிடம் சொன்னேன். வண்டியை எடு என்றார். மோட்டாரையும் குழாயையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறினோம். அதே ரைட்டர், அதே குட்டை. அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் மிச்சம் இருந்தது, பழகின முகம் என்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். தோட்டத்துக்குப் போய்க் குழாயை இழுத்துப் போட்டு, சல்லடையை மாட்டினோம். மாஸ்டர் வழக்கம்போல் செருப்பைக் கழற்றிவிட்டு, செடிகளுக்கு நடுவில் போய் நின்று, மேலே பார்த்துக் கையை அசைத்தார்.

நான் மோட்டாரைத் தொடவில்லை. அதற்குள் செம்மநத்தம் பக்கமிருந்து மேகம் கருகருவென்று ஏறி வந்திருந்தது. ஒரு இடி. அடுத்த நிமிஷம் கொட்ட ஆரம்பித்துவிட்டது. ராமாயி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார், நான் டாங்கருக்கு அடியில் புகுந்தேன். மாஸ்டர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். தலையோடு கால் நனைந்து, கண்ணைத் திறந்துகொண்டே மேலே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, வழக்கமான அதே முகத்தோடு தீர்ப்புச் சொன்னார். "துளி சைஸ் சரியா இருக்கு. பிரஷர்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

ராமாயி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. வெல்லம் போட்டு வரக்காபி கொடுத்தார். ஈரத்தோடு உட்கார்ந்து குடித்தோம். ஆளுக்கு ஒரு மழை, முதல் மழை நாங்கள், ரெண்டாவது மேலே இருக்கிறவர் என்று மாஸ்டர் கணக்குச் சொன்னார். அந்த வருஷம் செடி தாங்காமல் காய்த்தது. மகள் படிப்பை முடித்தாள். இன்றைக்கு ஏற்காட்டில் எனக்குச் சர்க்கரை பார்த்து, திட்டி, மாத்திரை கொடுப்பது அந்தப் பெண்தான். திட்டும்போது, "பெரியப்பா, சொன்னாக் கேளுங்க," என்பாள். கேட்டுக்கொள்கிறேன்.

மாஸ்டர் காலமாகி நாலைந்து வருஷம் ஆகிறது. நன்றி என்று ஒன்றை அவருக்கு நேரில் நான் சொன்னதில்லை, சொன்னால் கூச்சப்பட்டு மோட்டாரைத் துடைக்கப் போய்விடுவார். இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தொழிலைக் கற்றுக்கொடுக்க இன்னும் பத்துப் பேர் கிடைத்திருப்பார்கள். எப்போது ஊற்றக் கூடாது என்று காட்ட அவர் ஒருத்தர்தான் இருந்தார்.

ஒன்றை விட்டுவிட்டேன். படம் ரிலீஸானபோது மாஸ்டரும் நானும் சென்னையிலிருந்து சேலத்துக்கு வந்தோம். ராமாயியை மலையிலிருந்து அழைத்து வந்து, சேலத்தில் இருந்த மகளையும் சேர்த்துக்கொண்டு, நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். பூக்காட்சி வந்ததும் ராமாயி நிமிர்ந்து உட்கார்ந்தார். கதாநாயகியைப் பார்க்கவே இல்லை, எந்தச் செடி எது என்று மகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் மலை சரிந்தது. கம்ப்யூட்டரில் செய்தது, நன்றாகத்தான் செய்திருந்தார்கள். ராமாயியின் வீடு போனது, சில்வர் ஓக் மரங்கள் போயின, பூத்து நின்ற தோட்டம் அப்படியே மண்ணுக்குள் போனது. தியேட்டரே மூச்சு விடாமல் பார்த்தது.

ராமாயி மாஸ்டர் பக்கம் சாய்ந்து, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். "ஏனுங்க, அது பொறவு நொம்ப நல்லாக் காய்ச்சுதுங்களே. அதக் காட்ட மாட்டாங்களா?"

"காட்ட மாட்டாங்கம்மா," என்றார் மாஸ்டர். "அதுக்குள்ள படம் முடிஞ்சுடும்."